உயிரோடிருக்கும் தம்பிக்கு ஒரு வாரிசுக் கையெழுத்து

டோக்கும், ஜூன் 14

பேரன்புள்ள ஹில்ட்யே அக்காவுக்கு,

தம்பி ஷூர்ட் எழுதுவது. உன் மூட்டுவலியும் அத்தானின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதற்கு எனக்கு உரிமை இல்லை. போன மாதம் பதினொன்றாம் தேதியே நான் இறந்துவிட்டேன்.

பதறாதே. பௌக்யே போய் மூன்று மாதம் ஆயிற்றே, என் மனைவியின் கணக்கை மூடிவிடுங்கள் என்று, நம் படம், பதிவெல்லாம் இணையத்தில் சேமித்து வைக்கும் அந்தக் கிளவுட் கம்பெனிக்கு மரியாதையாக எழுதினேன். அவர்கள் அவளை விட்டுவிட்டு என்னைச் சாகடித்து, என் கணக்கில் இருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டார்கள். போனது அவள் குரல், அக்கா. நான் பட்டினி கிடக்கக் கூடாதென்று படுக்கையில் இருந்தபடியே நாற்பத்தோரு சமையல் சொல்லிப் பதிவு செய்து வைத்தாளே, முக்கால்வாசி உருளைக்கிழங்கு, அது. "ஷூர்ட், அடி பிடிக்குது, பேப்பரை வை!" என்று அவள் திட்டத் திட்டத்தான் இத்தனை நாளும் சாப்பிட்டேன். கூடவே எல்லோர் பிறந்தநாளும் குறித்துக் கழிப்பறைக் கதவில் தொங்குமே காலண்டர், அதுவும் போயிற்று. பேர்களையெல்லாம் கிளவுடில் ஏற்றிவிட்டு அட்டையைக் குப்பையில் போட்ட புத்திசாலி நான்தான். உன் எழுபதாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கேக் தின்றபோது என் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது இதனால்தான். அன்றிலிருந்து நீ போனை எடுப்பதில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண், "உங்க இழப்புக்கு ரொம்ப வருந்துறோம் சார். இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். "இறந்தவனே நான்தாம்மா!" "அப்போ வாரிசு யாரையாவது பேசச் சொல்லுங்க சார்." நகராட்சிக்கு ஓடினேன். அங்கிருந்தவர் ஏற இறங்கப் பார்த்து, "இருக்கீங்கதான் போல" என்று உயிர்ச் சான்றிதழில் முத்திரை குத்தினார். அதைக் கம்பெனிக்கு அனுப்பினால், உங்கள் கணக்கில் நுழைந்து ஏற்றுங்கள் என்கிறார்கள். எந்தக் கணக்கு? சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் தந்து டப்பாவை மூடிய வக்கீலம்மா, "எது அழிஞ்சாலும் நாங்க பொறுப்பில்லன்னு நிபந்தனையில போட்டிருக்காங்க. இவ்வளவு அலட்சியத்துக்கு அதெல்லாம் கோர்ட்ல நிக்காது. ஆனா நீங்க கேட்டா இழுத்தடிப்பாங்க, வாரிசைக் கேட்கச் சொல்லுங்க" என்றார். கம்பெனி தரும் நஷ்டஈடு, என் வாரிசுக்கு இரண்டு வருடம் கிளவுடில் காலி இடம் இலவசமாம். அதில் வைக்க என்ன இருக்கிறது?

எனக்கு உன்னை விட்டால் யார்? கோபத்தை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு, இத்துடன் உள்ள படிவத்தில் "தம்பியை இழந்து வாடும் சகோதரி" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அடுப்புப் பக்கம் போய் ஒரு மாதமாகிறது. அவள் குரல் இல்லாமல் அங்கே நிற்க முடியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும், என்னைப் போலில்லாமல், நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

மறைந்தும் மறையாத தம்பி,
ஷூர்ட்

பி.கு.: ஸ்டாம்பு ஒட்டும்போது, "ஷூர்ட் வீட்டாருக்கு" என்று விலாசமிட்ட உன் இரங்கல் அட்டை வந்தது. "அன்னைக்கு வரலன்னு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். பாவம், பன்னெண்டு நாள் முன்னாடியே போயிட்டிருக்கான். அவனை மாதிரி தங்கமான பிள்ளை கிடையாது." உயிரோடிருந்த அறுபத்தாறு வருடத்தில் இதை ஒருநாள் சொன்னாயா? கணக்குத் தொடங்கியபோது உன்னைத்தான் வாரிசாகப் போட்டிருந்தேனாம். அழிக்குமுன் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் நினைவுக் கூட்டத்தில் போடச் சொல்லி நீ வைத்த பென்டிரைவும் கிடைத்தது. வழக்கு வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். சனிக்கிழமை வா, உன் எழுபதுக்குக் கேக் வாங்கி வைக்கிறேன். பென்டிரைவைப் போட்டதும், "ஷூர்ட், அடி பிடிக்குது!" என்றாள். அலறியடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை, அக்கா. நின்று அழுதுவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன்.