கிளாஸ்கோவிலிருந்து வந்த கைவிசேடம்

பலெர்மோ
ஞாயிறு

அன்புள்ள கிருபன் மாமாவுக்கு,

அந்தக் கிளாஸ்கோக் குளிருக்குள் நீங்களும் மாமியும் கீர்த்திகனும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். வாட்ஸ்அப்பில் எழுதினால் அப்பா குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். அதனால்தான் தபால்.

தை மாதம் உங்கள் பக்கத்து வீட்டு அம்மா உங்கள் கையில் ஒரு நாணயத்தை வைத்து "ஹான்சல்" என்றாராம், அப்படியென்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். கேட்டது குற்றமில்லை, பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ப் பார்த்தது என் குற்றம். பழைய ஆங்கிலத்தில் கையில் கொடுப்பது. பழைய நோர்ஸ் மொழியில் கைகொடுத்துப் பேரம் முடிப்பது. பிறகு ஸ்கொட்லாந்தில் புத்தாண்டுக்குக் கொடுக்கும் ராசிக்காசு, கடைக்காரர் காலையில் வாங்கும் முதல் காசு. இதை வீட்டில் சொன்னதோடு நிற்காமல், எங்கள் சித்திரை வருடப்பிறப்புக் கைவிசேடக் காசு மாதிரித்தான் என்றும் சேர்த்துவிட்டேன். வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான் என்று அப்பா கோயிலில் சொல்ல, பல்லரோச் சந்தையில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் கோபாலசிங்கம் அங்கிள், பட்டதாரிப் பிள்ளையின் கைதான் முதல் காசு தரவேண்டும் என்று பிடித்துக்கொண்டார். மறுக்கக் கூச்சப்பட்டு ஒரு முருங்கைக்காய் வாங்கினேன். அன்று மத்தியானத்துக்குள் கடை காலி. கலியாண வீட்டுக்காரர் வந்து அள்ளிப்போனதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. இப்போது நான் போகும்வரை அவர் யாருக்கும் விற்பதில்லை. வாங்க வந்த இத்தாலியச் சிஞ்ஞோராக்கள் கத்தரிக்காயைக் கையில் பிடித்தபடி என்னை முறைக்கிறார்கள். வீட்டில் தினமும் முருங்கைக்காய்க் குழம்பு. போன கிழமை வியா மக்வேதா தெருவில் தையல்கடை அற்புதமலர் அக்காவும் முதல் காசுக்காக என்னை மறித்துவைத்ததில், மொழிபெயர்ப்பு நிறுவனமொன்றின் நேர்முகத்துக்கு முருங்கைக்காயும் கையுமாகப் பிந்திப் போனேன். இரங்கி இன்னொரு நாள் தந்தார்கள்: அடுத்த மாதம் முதல் திங்கள் காலை. அதே காலைதான் அங்கிள் கபோச் சந்தையில் இரண்டாவது கடை திறக்கிறார். முதல் காசு என் கையால்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

"அப்பா, எனக்கு வேலை போயிடும்."

"உன்ரை கை பட்டால் ஊருக்கே யாவாரம் நடக்குது. உனக்கொரு வேலை வராதோ?"

நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும், மாமா. தாய்மாமன் சொல்லை அப்பா தட்டமாட்டார். அந்த அம்மா ஏதோ பகிடிக்குச் சொன்னது, கைராசியும் இல்லை கால்ராசியும் இல்லை என்று ஒரு போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். படித்த பிள்ளை ஒருத்தி மூடநம்பிக்கையால் கெட்டாள் என்று வரக்கூடாது.

மாமிக்கு என் வணக்கம், கீர்த்திகனுக்கு முத்தம்.

உங்கள் மருமகள்
கேசிகா

பி.கு.: அந்த நாணயத்தைச் செலவழித்துவிடவில்லையே? திங்களுக்கு முன் கிடைக்கும்படி பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நம்பிக்கை என்றில்லை, நேர்முகத்தன்று கைப்பையில் ஒரு மூலையில் கிடக்கட்டும். கையில் கொடுத்தால்தான் பலிக்குமோ, தபாலில் வந்தாலும் செல்லுமோ என்று அந்த அம்மாவிடம் ஒருக்கால் கேட்டுவையுங்கள்.