பத்தடி தள்ளி உட்காரவும்

மச்சானின் கட்டில் என் ஹாலுக்குள் வரக்கூடாது. பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். யார் வீட்டுக்கு? அவனுக்குக் குடும்பம் இல்லை. எனக்கு இருக்கிறது. அதுதான் வம்பு.

கெட்டவன் அல்ல. ஆனால் என் வயசுக்காரன். என் வயசுக்காரன் ஒருவன் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை. இதை மனைவியிடம் சொன்னால் அழுவாள். ஹாலில் டிவிக்கு இடம் வேண்டும் என்றால் சண்டை போடுவாள். சண்டை எனக்குப் பழக்கம்.

கடைக்குப் போனேன். இருப்பதிலேயே பெரிசைக் காட்டச் சொன்னேன்.

"சார், இந்த சைஸுக்கு ஃபோர் கே எடுங்க. இது சாதா. பத்தடி தள்ளி உக்காரணும். கிட்டப் போனா புள்ளி புள்ளியா தெரியும்."

"பத்தடியா? நிச்சயமா?"

"நிச்சயம் சார். ஃபோர் கேன்னா அஞ்சடியிலயே பளிச்சுன்னு இருக்கும்."

"சாதாவையே கட்டு."

"கொஞ்சம்தான் சார் கூட..."

"காது கேக்காதா? கட்டுய்யா."

கடைக்காரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பார்க்கட்டும்.

டிவி சுவரில் ஏறியது. கதவைக் கழற்றிப் படுக்க வைத்த மாதிரி. எதிர்ச்சுவரை ஒட்டி என் நாற்காலி. மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எங்கண்ணன எங்கங்க படுக்க வைக்கிறது? அந்தச் சுவரோரம்தானே இடம் இருந்துச்சு."

"அங்கதான் என் நாற்காலி இருக்கே."

"அதை முன்னாடி இழுத்துப் போட்டா?"

"புள்ளி புள்ளியா தெரியும்டி. கண்ணு போயிடும். கிட்ட உக்காரணும்னா ஃபோர் கே வாங்கணும்."

"அது வேற தண்டச் செலவா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். தண்டம்."

"சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் சரி சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜெயித்த மப்பில் இருந்தேன்.

மறுநாள் முடிவெட்டப் போனேன். திரும்பி வந்தால் சுவரில் அதே சைஸில் வேறு டிவி. என் நாற்காலி ஹாலின் நட்டநடுவில். அது இருந்த இடத்தில் கட்டில். கட்டிலில் மச்சான். ஆள் பாதியாகியிருந்தான். போர்வைக்குள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது.

"என்னடி இது?"

"ஃபோர் கே. கடையில மாத்திக் குடுத்துட்டாங்க. இனிமே நீங்க கிட்டயே உக்காரலாம். உக்காந்து பாருங்க, புள்ளி தெரியுதான்னு."

உட்கார்ந்தேன். தெரியவில்லை.

"மேல்பணம் யாரு குடுத்தா?"

"அண்ணன்தான். 'இனிமே எனக்கெதுக்கு, மாப்பிள்ளை நல்லா பாக்கட்டும்'னாரு."

திரையைப் பார்த்தேன். கடல் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. மாற்றியது தண்டம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். முதுகுக்குப் பின்னால் மச்சானின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அதுவும் துல்லியமாகத்தான் கேட்டது.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன்.

மூச்சு ஒரு கணம் நின்றது. என்னுடையதும்.

"மாப்ளே..."

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். கட்டிலருகே குனிந்து அவன் கையைப் பிடித்தேன். எலும்பு. சில்லென்றிருந்தது.

"என்ன மச்சான்? என்ன செய்யுது? சொல்லு."

உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"தலை மறைக்குது."