தோள்தட்டியின் வேலை

அமெரிக்காவில் நான் பார்த்த அத்தனை மனிதர்களிலும் என்னை அதிகம் அதிரவைத்தவர் தோள்தட்டிதான். எண்பதுகளில் ஜெர்சி சிட்டியில் நாங்கள் இருவரும் ஒரே அபார்ட்மெண்ட்டில் குடியிருந்தோம். பாளையங்கோட்டைக்காரர். இன்ஜினியர் வேலையை உதறிவிட்டு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய சர்ச் பாட்டில் டாக்டர் பட்டம் வாங்கி, மன்ஹாட்டனில் ஒரு யூனிவர்சிட்டியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் காலத்துப் பாடகர்கள் ஒரே புத்தகத்தைச் சுற்றி நின்று, பக்கத்து ஆளின் தோளில் தட்டித் தாளம் வைத்துக்கொண்டார்களாம். அதுதான் அவர் ஆராய்ச்சி. அதை யூனிவர்சிட்டியோடு விட்டாரா? ஒருநாள் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும் ரயிலில் பாட்டுப் புத்தகத்தைப் படித்தபடியே, பக்கத்தில் நின்ற ஆறரை அடி ஆசாமியின் தோளில் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

"சார், கையை எடுங்க! அடிச்சுப் போட்டுடுவான்!"

"சும்மா இரும்வே, இன்னும் ரெண்டு லைன்தான்."

அன்றைக்கே அவருக்குத் தோள்தட்டி என்று பெயர் வைத்தேன். அன்றிலிருந்து ரயிலில் நான் நாலு ஆள் தள்ளித்தான் நிற்பேன்.

அவர் வேலையை நிரந்தரமாக்கும் நேரம் வந்தது. ஆகாவிட்டால் விசா போய்விடும். மூட்டை கட்ட வேண்டியதுதான். டிபார்ட்மென்ட் தலைவரோ, "புனிதமான பாட்டுக்கு நடுவே யாராவது தட்டிக்கொண்டிருப்பார்களா?" என்று அவர் ஆராய்ச்சியையே சந்தேகப்பட்டார். கடைசியாகத் தோள்தட்டி ஒரு லெக்சர் கொடுக்க வேண்டும், கூடவே நாலு பேர் பாட்டு; அதைப் பார்த்துத்தான் தலைவர் முடிவு சொல்வார்.

"ஹால் காலியா கெடந்தா மானம் போயிரும்வே" என்றார் தோள்தட்டி.

நான் தமிழ்ச் சங்கத்தாருக்கு ஃபோன் போட்டு இருபத்தைந்து பேரைத் திரட்டினேன். கச்சேரி என்று சொல்லித் தொலைத்தேன். கச்சேரி என்றால் நம்மவர்கள் கையைக் கட்டிக்கொண்டா உட்காருவார்கள்? பாட்டு தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் இருபத்தைந்து பேரும் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். முன்வரிசை ஆன்ட்டி ஒருவர் "பேஷ்!" என்றே சொல்லிவிட்டார். தலைவர் விறைத்துப்போய்த் திரும்பினார். ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று நான் நாற்காலியில் குறுகி உட்கார்ந்தேன்.

ஆனால் அதற்கப்புறம் தலைவர் பாடகர்களைப் பார்க்கவே இல்லை. அந்த ஆன்ட்டியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டுகூடப் பிசகவில்லை, பாட்டும் கெடவில்லை. முடிந்ததும் தோள்தட்டியிடம் வந்து, "நீங்கள் எழுதியதை இன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டேன்" என்றார்.

வேலை நிரந்தரமான கடிதம் வந்த மறுநாள், ரயிலில் நானே போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் புத்தகத்தைத் திறந்து என் தோளில் தட்டிக்கொண்டே வந்தார். அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் ஆபீஸ் ஸ்டேஷன் வந்தது. நான் இறங்கவில்லை.