ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் உடைப்பெடுத்த கதை

எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்கிறவர்களைத் தங்கமான பிள்ளை என்பார்கள். சுத்தப் பொய். அவர்களுக்கு அடிவயிற்றில் எப்போதும் ஒரு பயம். எதிரில் நிற்பவரின் முகம் சுருங்கிவிடக்கூடாதே என்று தலை தானாக ஆடிவிடும், அவ்வளவுதான். எனக்கு அந்தத் தலை பிறவியிலேயே அமைந்துவிட்டது. ஒருமுறை அது ஆடியதில் ஒரு பள்ளிக்கூடமே நனைந்தது.

பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாவதோடு படிப்பு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு டவுன் பள்ளிக்குப் போக வேண்டும். அப்படிச் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகளை எல்லாம் அள்ளி ஒன்பதாவது 'பி'யில் போட்டார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே வாய்க்காலில் பாசனம் செய்கிற ஊர்க்காரர்கள். ஒற்றுமையாக இருந்திருப்பார்களே என்று நீங்கள் நினைக்கலாம். ஒரே வாய்க்கால் என்றால், தண்ணீர் திறந்த நாளிலிருந்து ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்கிற ஊர்கள் என்று அர்த்தம். தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடை ஊர்ப் பையன்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். கடைசியில் மிச்சம் மீதி கிடைக்கிற கடைமடை ஊர்ப் பிள்ளைகள் கதவுப் பக்கம். எங்கள் ஊர் வாய்க்காலின் நடுவில் இருப்பதால் நான் நடு பெஞ்சு.

சாக்பீஸ், ஃபேன் காற்று, சத்துணவு வரிசை என்று எல்லாவற்றுக்கும் சண்டை. அரையாண்டுக்குப் பிறகு ஹெச்.எம். பொறுமை இழந்தார். "கல்வி அதிகாரி வர்ற அறிவியல் கண்காட்சிக்கு எல்லாரும் சேந்து ஒரு வேலை செஞ்சு காட்டுங்க. அன்னைக்கும் அடிச்சுக்கிட்டீங்கன்னா 'பி' செக்‌ஷனே கிடையாது. பாதிப் பேர் 'ஏ', பாதிப் பேர் 'சி'. நாந்தான் பிரிப்பேன்" என்றார்.

நான் எந்தப் பாதியில் விழுவேன் என்று அன்றைக்கே கணக்குப் போட ஆரம்பித்தேன். 'ஏ' பிரிவில் கேள்வி முடிவதற்குள் கை தூக்குவார்கள். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், ஆனால் புவனா என்னோடு வருவாளா? புவனா கடைமடைக்காரி, கதவுப் பக்கத்திலிருந்து என் பெஞ்சுக்கு மாறி வந்தவள். அந்தப் பெரிய பள்ளியில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி, ஒரே சிநேகிதி. அவள் இல்லாமல் தண்ணீர் குடிக்கக்கூட நான் வராந்தாவுக்குப் போனதில்லை. (பதினான்கு வயதில். சிரிக்காதீர்கள்.)

எங்கள் வாய்க்காலையே மாதிரியாகச் செய்யலாம் என்று சயின்ஸ் டீச்சர் யோசனை சொன்னார். நீளமான பலகையில் களிமண்ணால் வாய்க்கால் வெட்டி, இருபுறமும் குட்டி வயல்கள் கட்டி, நிஜமாகவே நெல் விதைத்து முளைக்க வைத்தோம். மேல் முனையில் குழாய் வைத்த ஒரு டிரம். அதுதான் மேட்டூர் அணை. குழாயைத் திறக்கும் பொறுப்பு எனக்கு வந்தது, ஏனென்றால் எதிர்ப்பக்கத்து ஆளை இரண்டு கோஷ்டியும் நம்பவில்லை.

ஒத்திகையில் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகவே இல்லை. புவனா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நெசத்துலயும் இப்படித்தான்டி. எங்கப்பா காஞ்ச நாத்தப் பாத்துக்கிட்டே நிப்பாரு. அதிகாரி முன்னாடியும் எங்க வயல் காஞ்சு கெடக்கணுமா? நீ முழுசாத் தொறந்துடு" என்றாள். கண் கலங்கியிருந்தது. தலை ஆடியது.

மறுநாள் தலைமடை கோஷ்டியின் தலைவன் செந்தில் வந்தான். முழுசாகத் திறந்தால் தண்ணீர் கீழே ஓடிவிடும், அவர்கள் வயலில் நிற்காது, ஆகவே பாதிதான் திறக்க வேண்டும் என்றான். அதற்கும் ஆடியது. அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அம்மா ஓமவாட்டர் வாங்கிக் கொடுத்தார். குழாயைப் பாதிக்கு மேல், முழுசுக்குக் கீழ் திறந்தால் யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் தலையாட்டலை இரண்டு பேருமே நம்பவில்லை என்பது எனக்குத் தெரியாது. (விவரமானவர்கள்.) கண்காட்சியன்று காலையில் செந்தில் ஆட்கள் தங்கள் வயலுக்குக் கீழே வாய்க்காலைக் களிமண்ணால் அடைத்துவிட்டார்கள். புவனா ஆட்கள் லேபிலிருந்து ஒரு ஹோஸ் குழாயை இழுத்து வந்து, டிரம்மின் பின்பக்கமாக உள்ளே விட்டு, அதிகாரி வருகிற நேரம் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.

கல்வி அதிகாரி ஹெச்.எம்.முடன் எங்கள் பலகை முன்னால் வந்து நின்றார். தண்ணீர் கடைசி வரைக்கும் போகுமா என்று கேட்டார். என் தலை என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

குழாயைத் திறந்தேன். தண்ணீர் தலைமடை வரைக்கும் ஓடி நின்றது. புவனா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. பயத்தில் முழுசாகத் திறந்தேன். தண்ணீர் கீழே போகாமல் அங்கேயே ஏறியது. டிரம்மிலோ தண்ணீர் குறைவதாகவே இல்லை. மூடிவிடலாம் என்று திருகினேன், குழாய் கழன்று என் கையோடு வந்துவிட்டது.

தலைமடையில் கரை உடைத்துக்கொண்டது. வெள்ளம் பலகையை விட்டு இறங்கி அதிகாரியின் பேண்ட்டை நனைத்து, தரையில் பரவி, 'ஏ' பிரிவு செய்து வைத்திருந்த மின்சார ரயில் மாதிரியை நோக்கிப் போனது. பி.டி. சார் ஓடிப்போய் மெயினை அணைத்தார். ஃபேன், மைக், வரவேற்புப் பாட்டு எல்லாம் நின்றன.

முடிந்தது, 'ஏ' பிரிவுதான் என்று நான் அழ ஆரம்பித்தேன். அதிகாரி திட்டுவார் என்று பார்த்தால், அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இரண்டு கையாலும் களிமண்ணை அள்ளி உடைப்பை அடைக்க ஆரம்பித்தார். "மண்ணப் போடுங்கப்பா. மொதல்ல ஒடைப்ப அடைங்க, மேல வயல் போயிடும்" என்றார்.

ஹெச்.எம். குறுக்கே விழுந்தார். "அடைக்காதீங்க சார். கீழ இருக்கற அடைப்ப எடுத்துவிடுங்க. எப்பவும் மேல வயலப் பத்தியே பேசுறீங்களே, எங்களுக்குத் தண்ணி வேணாமா?"

எங்களுக்கு என்றார். ஒன்பதாவது 'பி' மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. அதிகாரி நிமிர்ந்து, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார். ஹெச்.எம். ஊரைச் சொன்னார். அது வேறொரு ஆற்றின் கடைமடை. "அதானே பாத்தேன்" என்றார் அதிகாரி. பிறகு இருவரும் முழங்கை வரை சேற்றோடு முறைப்பாசனத்தைப் பற்றி வாக்குவாதம் செய்ய ஆரம்பித்தார்கள்.

அந்த வருஷத்தில் முதல்முறையாக ஜன்னல் பக்கமும் கதவுப் பக்கமும் ஒரே வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தன. செந்தில் மெதுவாகப் புவனாவிடம், "சார் ஒங்க ஆளா?" என்று கேட்டான். அவள் பெருமையாக ஆமாம் என்றாள். என்ன தோன்றியதோ, அவன் போய்த் தான் வைத்த அடைப்பைப் பிடுங்கி எறிந்தான். அவள் போய் ஹோஸை நிறுத்தினாள். மிச்சமிருந்த கொஞ்சம் தண்ணீர் மெல்லக் கீழே போய்க் கடைசி வயலை நனைத்தது. பெரியவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை.

திங்கட்கிழமை பிரேயரில் ஹெச்.எம். தொண்டையைக் கனைத்தார். புவனாவின் கையை நான் நசுங்கும் அளவுக்குப் பிடித்திருந்தேன். "'பி' செக்‌ஷனைப் பிரிக்கப் போறதில்ல. இதுங்களப் பிரிச்சு விட்டா மத்த ரெண்டு செக்‌ஷனும் நாசமாப் போயிடும். ஒரே எடத்துல கெடக்கட்டும்" என்றார். அது தண்டனை. நாங்கள் கை தட்டினோம். எனக்கு அப்போது வந்த சந்தோஷம் பிறகு எந்தப் பரிசு வாங்கியபோதும் வந்ததில்லை.

பத்தாவது முடியும் வரை ஒன்றாகவே கிடந்தோம். கதையைப் புவனா எங்கள் வீட்டில் வந்து சொல்லிவிட்டதால் நான் இன்றுவரை தப்பிக்க முடியவில்லை. போன மாதம் தம்பிக்குக் கல்யாணப் பேச்சு. பெண் வீட்டார் கும்பகோணத்தில் மண்டபம் பார்க்கலாம் என்றார்கள், சரி என்றேன். மாமா எழுந்து, நம் ஊரில்தான் வைக்க வேண்டும் என்றார். அதற்கும் சரி என்றேன். அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இரண்டு காலையும் எடுத்து நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.