செண்பகவல்லிக்கு ஒரு நாற்காலி

ஒரு காட்டில் நோயாளிகளைவிட ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்தவர்கள் அதிகமாகிவிட்ட காலம் அது. செண்பகவல்லி என்ற கீரியும் அதில்தான் முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தாள். அடேயப்பா, வகுப்பிலேயே முதலிடம்! கிடைத்ததென்னவோ ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றுகொண்டே கொடுக்க வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது.

ஊரில் இருக்கும் அம்மாவிடமோ மேனேஜர் வேலை என்று அளந்துவிட்டிருந்தாள். "உன்னை நாற்காலியில பாக்கணும்டி, வர்ற வெள்ளிக்கிழமை வர்றேன்" என்று அம்மா போன் பண்ணியதும், பாவம், அவள் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா கல்லூரியிலிருந்து படிவம் வரவேண்டும்? 'எங்கள் படிப்பு உங்களுக்குத் திருப்தி அளித்ததா?' செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இல்லை. கால் வலிக்கிறது' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

மறுநாளே கல்லூரி முதல்வர் கரடி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணிட்டே? இது வெளியில தெரிஞ்சா அடுத்த வருஷம் ஒரு குட்டிகூடச் சேராது. கல்லூரியே இல்லேன்னா உன் பட்டத்த எவன் மதிப்பான்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு நாற்காலி வேணும்."

கரடி தலையைச் சொறிந்தார். சொறிந்துவிட்டு, தன் கல்லூரியிலேயே அவளைப் 'பட்டதாரி திருப்தி மேலாளர்' ஆக்கினார். சுழல்நாற்காலி வேறு! திருப்தி இல்லை என்று எழுதியவர்களுக்குப் போன் போட்டு, மாற்றி எழுதவைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வெள்ளிக்கிழமை அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள். மகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது. செண்பகவல்லி பட்டியலின் முதல் பெயருக்குப் போன் போட்டாள். கூடப் படித்த முள்ளம்பன்றி எழிலரசி. வேறொரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வாசலில் நிற்கிறவள்.

"அடியே, நீயா! உனக்குத்தான்டி என் கஷ்டம் தெரியும். நின்னு நின்னு காலெல்லாம் வீங்கிப்போச்சு. நான் எழுதினது சரிதானே?"

செண்பகவல்லி அம்மாவைப் பார்த்தாள். நாற்காலியில் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நிக்கிறது உடம்புக்கு ரொம்ப நல்லதுன்னு ரெண்டாம் வருஷம் படிச்சோமே எழில், மறந்துட்டியா? 'மிகவும் திருப்தி'ன்னு மாத்திப் போட்டுரு."

நீதி: உண்மை பேச விரும்புகிறவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பேசிவிடவும். உட்கார்ந்த பிறகு வாய் வராது.