கூடாரத்தில் ஒரே ஒரு ரசிகர்

யானை மறுபடியும் தரைக்குள் புதைந்துவிட்டது. தும்பிக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, யாரையோ கூப்பிடுவதுபோல் ஆடியது.

“விடுங்க ரிங் மாஸ்டர். அதுக்கே வெளியே வர இஷ்டமில்ல,” என்றார் முதலாளி.

போனில் ஆடும் சர்க்கஸ் விளையாட்டு ஒன்றைச் செய்ய ஆரம்பித்ததிலிருந்து அலுவலகத்தில் அவனுக்கு ‘ரிங் மாஸ்டர்’ என்றுதான் பெயர். சிக்கனமாகச் செய்தது என்பது பார்த்தாலே தெரியும். கூட்டத்தில் எல்லோருக்கும் முதலாளியின் முகம். கயிறு வரைவதற்குள் ஓவியர் வேலையை விட்டுப் போய்விட்டதால், கயிற்றில் நடப்பவன் வெறும் காற்றில் நடந்தான். ஒருவர் விமர்சனம் எழுதியிருந்தார்: ‘ஏமாற்றம். கோமாளி சிரிக்கவில்லை. நானும்.’

முதலாளி திரையைத் திருப்பிக் காட்டினார். வாங்கியவர்களெல்லாம் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு ஓடியிருந்தார்கள். ஒருவர் மட்டும் தினமும் காலையில் திறந்து சாயங்காலம்தான் மூடுகிறார்.

“யாரோ புண்ணியவான். இவரை நம்பித்தான் கடையைத் திறந்து வச்சிருக்கேன். இவருக்குப் பிடிக்கிற மாதிரி இன்னும் நல்லா பண்ணுங்க. இவரும் போனா கூடாரத்தைப் பிரிச்சிடலாம்.”

அவனுக்கு நெஞ்சு குழைந்தது. எங்கோ விடாமல் மழை பெய்யும் ஊரில், ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, பாதி யானையை ஒருவர் நேசிக்கிறார். அவருக்கு முழு யானையாகவே கொடுத்துவிட வேண்டும்.

வீட்டில் மாமனார், பக்கத்தில் சார்ஜரில் போட்ட போனுடன், சாய்வு நாற்காலியில் இருந்தார். மாப்பிள்ளையின் வேலையைப் ‘பொம்மை ஆட்டற உத்தியோகம்’ என்றுதான் சொல்வார்.

“என்ன மாப்பிள்ளை, உங்க யானை இன்னிக்காவது எழுந்துச்சா?”

“எழுப்பிடுவேன் மாமா.”

“கூட்டத்துல அத்தனை பேருக்கும் ஒரே மூஞ்சியாமே. எல்லாம் ஒரே பிரசவமா?”

மனைவிதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

“கிண்டல் பண்ணுங்க. ஜனங்க எவ்வளவு நேரம் திறந்து வச்சிருக்காங்கன்றதுதான் எங்களுக்கு முக்கியம். ஆரம்பத்துலயே சொன்னேனே.”

“சொன்னீங்க, சொன்னீங்க,” என்று மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் யானையை மேலே தூக்கினான். தூக்கியதோடு விடாமல், அடிக்கடி பிளிறவும் வைத்தான். புண்ணியவான் மத்தியானமே மூடிவிட்டார்.

“சத்தம் மட்டும் போதாது. அவர் கையாலயும் ஏதாவது செய்யணும்,” என்றார் முதலாளி.

அவன் கயிறு வரைந்தான். விரலால் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் கயிற்றில் நடப்பவன் நிற்பான். இல்லையென்றால் விழுவான், ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். புண்ணியவான் காலைக்காப்பி நேரத்தைக்கூடத் தாண்டவில்லை.

அன்று மாமனார் கண் சிவந்து, கட்டைவிரலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“விரலுக்கு என்ன மாமா?”

“வயசு. அது கிடக்கட்டும், அந்தக் கயிறு இல்லாம ஒருத்தன் நடந்தானே, அவன் நல்லாத்தானே நடந்தான்?”

“மாமா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது.”

“எனக்கு எங்க புரியப் போகுது,” என்று விரலை ஊதிக்கொண்டார்.

கடைசி முயற்சியாகச் சிங்கத்தை விட்டான். கொஞ்ச நேரம் யாரும் ஆடாமல் இருந்தால் சிங்கம் வந்து ரிங் மாஸ்டரை விழுங்கும், விளையாட்டு தானாக மூடிக்கொள்ளும். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “சபாஷ். இனிமே ஒருத்தனும் சும்மா உட்கார முடியாது.”

புண்ணியவான் திறந்தார். சிங்கம் விழுங்கியது. திறந்தார், விழுங்கியது. அன்று காலை முழுவதும் அப்படியே. அடுத்த நாள் அவர் வரவே இல்லை.

முதலாளி நாற்காலியை மேசைக்குள் தள்ளினார். “கூடாரத்தைப் பிரிச்சிடலாம் தம்பி.” ரிங் மாஸ்டர் என்று கூப்பிடவில்லை.

வெயில் தாழும் முன்பே வீடு திரும்பினான். கூடத்தில் மாமனார் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். போன் மடியிலிருந்து நழுவிக் கிடந்தது. சமையலறை வாசலில் சாய்ந்து மனைவியிடம் சொன்னான்:

“வேலை போச்சு. எங்களுக்குன்னு இருந்த ஒரே ரசிகரும் விட்டுட்டுப் போயிட்டார். அவருக்காகத்தான் இவ்வளவும் பண்ணினேன்.”

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

“எங்கப்பாவுக்கு ஆட எங்கங்க தெரியும்? உங்க வேலை நிக்கணும்னு காலையில அதைத் திறந்து வச்சிட்டு, பக்கத்துலயே சாயங்காலம் வரைக்கும் தூங்குவார். நீங்கதான் சிங்கத்தை விட்டு எழுப்பினீங்க.”