ஐந்தாம் பாட்டில் வரும் மூன்று தட்டல்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழின் பதினான்கு ஆண்டு வாசகனும், ஓய்வுபெற்ற பஸ் நிலைய டைம் கீப்பருமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அச்சுக்கூடத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் சுகமாகத்தான் இருந்தேன், சென்ற வார இதழ் கைக்கு வரும்வரை.

எங்கள் மேல்வீட்டில் இருக்கும் ராக் குழுப் பிள்ளைகள் நால்வர் வெளியிட்ட ‘இரண்டாம் மாடி’ ஆல்பத்துக்குத் தங்கள் விமர்சகர் நிறை குறை எழுதியிருக்கிறார். எழுதட்டும், அது அவர் வேலை. ஆனால் குறைகளின் கடைசியில், ‘ஐந்தாம் பாட்டில் பல்லவி முடிந்ததும் கேட்கும் மூன்று தட்டல்கள் அரைத் தாளம் தாமதம், தட்டியவருக்கு நேர உணர்வே இல்லை’ என்று ஒரு போடு போட்டிருக்கிறார். ஐயா, தட்டியவன் நான். ஒரு பஸ் ஒரு நிமிடம் பிந்தினாலும் பதிவேட்டில் ஏற்றி, பக்கத்திலேயே ‘தாமதத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தையும் நிரப்பாமல் எந்த டிரைவரையும் டீ குடிக்க விட்டதில்லை, முப்பத்தொரு ஆண்டு.

நடந்தது இதுதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு நான் கண்ணயர்வது வழக்கம். மேலே அவர்கள் பாட்டைப் பதிவு செய்வதும் இரண்டு மணிக்கு, ஏனென்றால் அப்போதுதான் தெருவில் சத்தம் இருக்காதாம். முதல் வாரம் பொறுத்தேன், இரண்டாம் வாரம் காதில் பஞ்சு வைத்தேன், பஞ்சையும் தாண்டி டிரம்ஸ் வந்து கட்டிலை ஆட்டியது, அப்புறம் என்னதான் செய்ய, ஒட்டடைக் கம்பை எடுத்து மேல்தளத்தில் மூன்று இடி இடித்தேன். அது பதிவில் விழுந்துவிட்டது. டிரம்ஸ் வாசிக்கிற பெண் கீழே இறங்கி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். “அங்கிள், நீங்க தட்டினது நல்லா விழுந்திருக்கு. அப்படியே வச்சுக்கட்டுமா?” என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டேன். ஆல்பம் அட்டையின் பின்பக்கம் பாருங்கள், கிட்டார் இன்னார், டிரம்ஸ் இன்னார், அதற்கும் கீழே ‘ஒட்டடைக் கம்பு: கீழ்வீட்டு அங்கிள்’. நான் அச்சில் ஏறியது அதுவே முதல் தடவை.

நிறை குறை என்று வந்துவிட்டால் உங்கள் விமர்சகரைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். நாலாம் பாட்டு ரொம்ப நீளம் என்கிறார். அவர் கேட்டது ஏழு நிமிடம், நான் கேட்டது பதினேழு நாள். முதல் பாட்டில் கிட்டார் பிரமாதம் என்கிறார்; பிரமாதம்தான், ஆனால் ஒத்திகை ஆரம்பித்த நாட்களில் இதைவிட நிதானமாக இருந்தது, நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பின பஸ் மாதிரி யாரோ அவசரப்பட்டுக் கெடுத்துவிட்டார்கள். பாடகன் சொற்களை விழுங்குகிறான் என்பது நிஜம். மாடிப்படியில் பிடித்து நிறுத்தி, “ஏம்பா, வாயைத் திறந்து பாடினா என்ன, காசா பணமா?” என்று கேட்டேன். “அதுதான் அங்கிள் ஸ்டைல்” என்றான். ஆனால் ரெண்டாம் பாட்டில் அவன் அம்மாவைப் பற்றிப் பாடும்போது மட்டும் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. அதை உங்கள் ஆள் கவனிக்கவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பம் மறுபடியும் அச்சாகிறதாம். தட்டலை அதில் எடுத்துவிடலாமா என்று பிள்ளைகளுக்குள் பேச்சு வந்துவிட்டது. எடுத்தால் அட்டையில் என் வரியும் போய்விடும். அந்தப் பெண் உங்கள் இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். “எனக்கு இஷ்டம் இல்ல அங்கிள். மத்தவங்க இதுல வந்ததைக் காட்டுறாங்க. சனிக்கிழமை முடிவு பண்ணணும்.” பழைய கண்டக்டர் ஒருவர் போன் போட்டு, “ஊரையே லேட்டுன்னு எழுதினவன், இப்ப நீயே லேட்டாமே” என்று அரை மணி நேரம் சிரிக்கிறார். வீட்டுக்காரியோ, “தட்டினதுதான் தட்டினீங்க, ஒழுங்காத் தட்டித் தொலைக்கக் கூடாதா?” என்கிறாள். எனக்கு வருத்தமாக இருக்கிறது ஐயா, மறைக்காமல் சொல்கிறேன். ஆகவே, தட்டல் சரியான நேரத்தில்தான் விழுந்தது என்று வரும் இதழில் திருத்தம் வெளியிட வேண்டும். இதழ் வெள்ளிக்கிழமை வந்துவிடும், ஒரு நாள் கையில் இருக்கிறது.

தங்கள் இதழ் பல்லாண்டு நேரம் தவறாமல் வரவும், விமர்சகரின் காதுகள் விரைவில் குணமடையவும் வேண்டும்,

கீழ்வீட்டு அங்கிள்,
முதல் மாடி.

பி.கு.: உறையில் போடும்போது வீட்டுக்காரி, “எதுக்கும் இன்னொரு தரம் கேட்டுட்டு அனுப்புங்க” என்றாள். கடிகாரமும் கையுமாக உட்கார்ந்து கேட்டேன். தாமதம்தான். ஏன் என்றும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்குப் பல்லவி தொடங்கும்போதே கம்பைத் தூக்கிவிட்டேன். அந்த வரி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, முடியட்டும் என்று நின்றேன். முடிந்ததும், இன்னும் ஒரு வரி வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. அப்புறம்தான் இடித்தேன். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். திருத்தம் இவ்வளவு போட்டால் போதும்: ஐந்தாம் பாட்டில் தட்டல், அரைத் தாளம் தாமதம். தாமதத்துக்கான காரணம்: பாட்டு நன்றாக இருந்தது.